ஸ்பீக்கரில் குறை இல்லை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும், எழுதிவிட்டேன், அது முக்கால்வாசி உண்மைதான். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறீர்களா. போனில் சொல்லாமல் கடிதம் எதற்கு என்பாய், போன் அடித்தால் அப்பாதான் ஓடிப்போய் எடுக்கிறார், பேசி முடிக்கும் வரை பக்கத்தை விட்டு நகரமாட்டார், அதனால்தான்.

அவருடைய பாட்டு அறை உனக்குத் தெரியாததில்லை. ஆளுயர ஸ்பீக்கர் இரண்டு, எதிரே ஒரே ஒரு நாற்காலி, அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது. நான் பெருக்கும்போது ஸ்பீக்கர் ஒரு விரற்கடை நகர்ந்தால் போச்சு, அன்றைக்கு முழுக்க மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். மழைக்காலத்திலிருந்து அவருக்கு ஒரே குறை. ஜாஸ் ரெக்கார்டில் டிரம்ஸ்காரர் பித்தளைத் தட்டைக் கம்பி பிரஷ்ஷால் வருடுகிற இடம் மங்கிவிட்டதாம். முதலில் ஊசியை மாற்றினார். பிறகு ஒயரை மாற்றினார், பெருவிரல் தடிமனில், நானே தடுக்கி விழப்பார்த்தேன். ரெக்கார்டுகளை எல்லாம் கழுவி என் பாத்திரக் கூடையில் காயவைத்தார். ஆம்ப்ளிஃபயரை ரிப்பேர்க் கடைக்குத் தூக்கிப் போனார், எல்லாம் சரியாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார்கள், அவனுக்கு என்னடி தெரியும் என்று என்னிடம் கத்தினார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் காதைக் குடைகிறது என்று புலம்புகிற சத்தமே அந்தக் கம்பி பிரஷ் சத்தம்தான். அரிசி களைகிற மாதிரி ஸ்ஸ் ஸ்ஸ் என்று சமையலறை வரைக்கும் இன்றைக்கும் பளிச்சென்று கேட்கிறது. பொறுக்கமாட்டாமல் போன வாரம் நானே போய் அவர் எதிரே நின்று, இதோ கேக்குது, இதோ மறுபடி கேக்குது என்று விரலைத் தூக்கித் தூக்கிக் காட்டினேன். ரெக்கார்ட் முடிகிற வரை என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு போய்விட்டது. நான் கூப்பிட்டாலும் அவர் திரும்புவதில்லைதான், அது புதுசில்லை என்பதால் அதுவரை சந்தேகப்படவில்லை. காது டாக்டரிடம் போகலாமா என்று கேட்டேன். என் காதுக்கு என்ன கேடு, ஸ்பீக்கர்தான் பழசாயிடுச்சு, வித்துடப்போறேன் என்று எழுந்துவிட்டார், பழைய சாமான் வாங்குகிற கடைக்காரரையும் வரச்சொல்லிவிட்டார்.

அன்றைக்குச் சாப்பிடும்போது பாதியில் கையை நிறுத்தி, கொஞ்ச நாளாவே பொண்ணு குரல் சரியில்ல, கவனிச்சியா, வாய்க்குள்ளயே பேசுறா, அங்க ஏதோ கஷ்டம், நம்மகிட்ட மறைக்கிறா என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனை நாளாக மனதில் போட்டு மருகினாரோ பாவம். அவ எப்பவும் போல கணீர்னுதான் பேசுறா, நேத்து மாப்பிள்ளையைத் திட்டினது பக்கத்து வீடு வரைக்கும் கேட்டிருக்கும் என்றேன். நிஜமாவா என்று கேட்டார். நிஜம்தான் என்றேன். மறுநாள் காலையில் பார்த்தால் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார், டாக்டர் எத்தனை மணிக்கு வருவார் என்கிறார்.

டாக்டர் பார்த்துவிட்டார், வயதானால் வருவதுதானாம், கீச்சென்ற சத்தங்கள்தான் முதலில் போகுமாம், பெண்களின் குரலும் தெளிவில்லாமல் போகுமாம். காதுக்கு மெஷின் சொல்லியிருக்கிறது, இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் வந்துவிடும். கடைக்காரரை வரவேண்டாம் என்றாகிவிட்டது. பேச்சு நன்றாகக் கேட்கும், பாட்டு பழையபடி கேட்குமா என்று சொல்ல முடியாது என்று டாக்டர் இழுத்தார். பேச்சு போதும் என்றார் உன் அப்பா. அந்த மனுஷர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஆகவே வருகிற ஞாயிறு மறக்காமல் கூப்பிடு. கத்தாதே, எப்போதும் போலப் பேசு. உண்மையிலேயே கஷ்டம் ஏதாவது இருந்தால் அதையும் சொல்லிவிடு. குளிரில் தலையை மூடாமல் வெளியே போகாதே, மாப்பிள்ளையைக் கொஞ்சம் குறைத்துத் திட்டு. எல்லா நலமும் பெற்று நிறைவாக இருங்கள். மெஷின் வந்ததும் ரெக்கார்டைப் போட்டுப் பார்க்கலாமே என்று கேட்டேன், ஞாயித்துக்கிழமை பொண்ணு பேசட்டும், அப்புறம் போடலாம் என்கிறார்.

உன் அம்மா