சமையலறையில் இரண்டு கடிகாரங்கள்

ட்வீட் ஹெட்ஸ்,
அக்டோபர் கடைசி வாரம்

அன்பு மகள் டீகனுக்கு அப்பா எழுதுவது. முட்டிவலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உலகத்தின் அந்தக் கோடியில், ஹாலிஃபாக்ஸ் குளிரில் நீயும் மாப்பிள்ளை ரோரியும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதுதான் என் நினைப்பெல்லாம். கோடை நேரத்துக்காக இங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளியதிலிருந்து வழக்கமான கூத்துதான், தெருவுக்கு அந்தப் பக்கம் குயின்ஸ்லாந்து மாநிலம், அவர்கள் தள்ளுவதில்லை. நம் பக்கத்து வீட்டு நெவில் நம் மணியைப் பார்த்துக்கொண்டு தெருவைத் தாண்டிக் குயின்ஸ்லாந்துப் பல் டாக்டரிடம் போய், பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றிருக்கிறார். கதவைத் திறக்க வந்த பெண், வருஷா வருஷம் உங்களுக்கு இதே பொழப்பா, தெருவைத் தாண்டுறப்பவே மணியையும் பின்னாடி தள்ளிட்டு வரக்கூடாதா என்றாளாம். நீங்கதான் கடிகாரத்தைத் தொடவே மாட்டோம்னு அடம்பிடிக்கிறீங்க, பல்லு வலி அதுக்காகக் காத்திருக்குமா என்று இவர் கேட்டாராம். சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

காரணம் உன் கல்யாணம். விருந்தில் பெண்ணின் அப்பாவாக நான் போனில் வாழ்த்திப் பேச வேண்டிய நேரத்தைத் தவறவிட்டேன், குயின்ஸ்லாந்து மணியைப் பார்த்து ஏமாந்துவிட்டேன் என்று நான் சொன்னதும் நீ அழுதாய். தப்பு என்னோடதுப்பா, எல்லையில பொறந்து வளர்ந்தவ, காலையில ஒன்பது மணின்னு சொன்னேனே தவிர எந்தப் பக்கத்து மணின்னு சொல்லலையே என்றாய். நானும் பெரிய மனுஷன் போல, சரி விடும்மா, இங்க யாருக்குத்தான் இது நடக்கல என்றேன். தப்பையும் உன் தலையில் போட்டு, மன்னிக்கவும் செய்தேன். அதிலிருந்து சோறு தண்ணீர் இறங்கவில்லை. உண்மை என்னவென்றால், டீகன், நான் மணியைத் தவறவிடவே இல்லை. விடிந்ததும் சவரம் செய்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, எழுதிவைத்த பேச்சோடு மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தேன். அதற்கு முன்பே நீ அனுப்பிய படம் வந்திருந்தது, அப்பா நடக்க வேண்டிய இடத்தில் கிளைவ் உன் கையைப் பிடித்து மாப்பிள்ளையிடம் நடத்திக்கொண்டு போகிற படம். உன் அம்மாவைக் கட்டிக்கொண்டவர் என்ற கோபம் எனக்கு எப்போதோ ஆறிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அந்த மனுஷன் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டார், முன்கூட்டியே கூப்பிட்டு, நீங்க சரின்னு சொன்னாத்தான் ஆல்வின் நான் அவ கையைப் பிடிப்பேன், இல்லாட்டி அவ தனியாவே நடக்கட்டும் என்று கேட்டார். முட்டியைச் சாக்குச் சொல்லி விமானம் ஏறாதவன் நான்தான், தாராளமா செய்யுங்க என்று சொன்னவனும் நான்தான். ஆனாலும் படத்தைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. ஒன்பதுக்கு நீ கூப்பிட்டாய், போன் மேஜையில் அடித்து அடித்து ஓய்ந்தது, நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு தலையை நிமிர்த்தினேன். அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரி வேலைக்காக உன் அம்மா மாட்டிவைத்துவிட்டுப் போன குயின்ஸ்லாந்துக் கடிகாரம் எட்டு மணி காட்டியது. பொய் சுவரிலேயே தயாராகத் தொங்கிக்கொண்டிருந்தது, கை நீட்டி எடுத்துக்கொண்டேன். உன் கல்யாண நாளில் உன்னை அழவைத்துவிட்டேன், என்னை மன்னித்துவிடம்மா.

அந்தக் கடிகாரத்தைக் கழற்றி நெவிலிடம் கொடுத்துவிட்டேன், அவருக்குப் பல் டாக்டரிடம் போக உதவும். நவம்பர் முதல் ஞாயிறு உங்கள் கடிகாரம் பின்னால் போகும், மார்ச்சில் அது முன்னால் வரும், ஏப்ரலில் எங்களுடையது பின்னால் போகும். கணக்குப் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ளாதே, எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு. காதை மூடிக் கம்பளித் தொப்பி போட்டுக்கொள், ரோரியைக் காலைச் சாப்பாடு சாப்பிடாமல் வேலைக்கு விடாதே. இருவரும் ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காமல் நூறு வருஷம் வாழ வேண்டும். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. அம்மாவும் கிளைவும் அங்கிருந்து ஊர் திரும்புவதற்குள் எல்லோரும் சேர்ந்திருக்கும்போது என்னைக் கூப்பிடு, அந்தப் பேச்சை வாசிக்கிறேன். கிளைவையும் போன் பக்கத்தில் உட்கார வை. அதில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் இருந்தது, இப்போதுதான் எழுதிச் சேர்த்தேன்.

உன் அப்பா,
ஆல்வின்