சாமான் கோச்சியும் ஒன்பது மனுக்களும்

மச்சான்,

உன் மனைவி நேற்று ஒரு பைல்கட்டைக் கொடுத்தனுப்பியிருந்தார். "இதெல்லாம் உங்கட எழுத்துத்தானே காக்கா, நீங்களே வெச்சிக்கங்க" என்று, எனக்கு அண்ணன் முறை வைத்து, உள்ளே ஒரு துண்டுக் கடிதம். திறந்ததும் கார்பன் தாளின் பழைய மணம் வந்தது. ஒன்பது மனுக்களின் நகல்கள். "ஓட்டமாவடிப் பாலத்தடியில் என் நண்பரிடமிருந்து எடுக்கப்பட்ட பிலிம் சுருளைத் தயவுகூர்ந்து திருப்பித் தருமாறு..." எல்லாவற்றிலும் கையொப்பம் உன்னுடையது, எழுத்து என்னுடையது. இரண்டாவது நகலுக்கு மேல் என்னால் புரட்ட முடியவில்லை.

கல்முனைக்கு ஏது கோச்சி, ஏது தண்டவாளம்? ஆனாலும் எழுபதுகளின் கடைசியில், சவூதியிலிருந்து வந்த உன் மாமா ஒரு கெமராவைத் தந்த பிறகு உனக்குக் கோச்சிப் பைத்தியம் பிடித்தது. பௌர்ணமிக்குப் போயா லீவு வந்தால் போதும், புடவைக்கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு விடிய பஸ் ஏறிவிடுவாய். மட்டக்களப்பில் மாறி, ஓட்டமாவடி. அங்கே ரோட்டுக்கும் தண்டவாளத்துக்கும் ஒரே இரும்புப் பாலம்தான். கோச்சி வருகிறதென்றால் இரண்டு கரையிலும் லொறிகளும் மாட்டு வண்டிகளும் ஒதுங்கி நிற்கும். நீ சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றோரம் குந்திவிடுவாய். உனக்குக் குடை பிடிப்பது என் உத்தியோகம்.

ஆட்கள் போகிற கோச்சியை நீ ஒருநாளும் பிடித்ததில்லை. மாப் பெட்டி, சீமெந்துப் பெட்டி, எண்ணெய்த் தாங்கி, இவை வரும்வரை காத்திருக்க வேண்டும். அலுத்துப்போய் ஒருநாள் கேட்டேன்.

"ஜன்னல்ல முகம் இரிக்கும் மச்சான். உயிருள்ளதப் படம் புடிச்சா ஊட்டுக்குள்ள வானத்து மலக்குமார் வரமாட்டாங்க எண்டு உம்மா ஒரே சத்தம். சாமான் கோச்சில என்ன உயிர் இரிக்கி? சீமெந்துதானே!"

"அப்ப டிரைவர்?"

"அவர் படத்துல புள்ளி மாதிரித்தான் விழுவார், போடா."

எண்பதுகளின் நடுவில் சண்டை தொடங்கிக் காலம் கெட்டது. பாலத்துக்குக் காவல் போட்டார்கள். "வேணாம் மச்சான், பாலத்தப் படம் புடிச்சா உள்ளுக்குப் போட்டுருவாங்க" என்றேன். "பாலத்தயா புடிக்கிறன்? கோச்சியத்தானே" என்றாய். உன் நியாயம் உனக்கு. அன்றைக்குச் சாமான் கோச்சி போய் முடிந்து, நீ சுருளைக் கழற்றி டப்பாவில் போடும்போது காவல்காரர் இரண்டு பேர் நம்மை நோக்கி வந்தார்கள். சுருள் இருந்த டப்பாவை என் கையில் திணித்து, "இத வெச்சிக்க, கவனம்" என்றாய். உன்னைக் காவல் கொட்டிலுக்குக் கூட்டிப்போனார்கள்.

நான் பின்னால் ஏறிவந்து பாலத்தில் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவர்களில் ஒருவன் என் பக்கமாக வந்தான். என்னைச் சோதிக்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன். டப்பாவோடு எறிந்தால் மிதந்து காட்டிக்கொடுக்கும் என்பதற்கு மட்டும் புத்தி வேலை செய்தது. மூடியைத் திறந்து சுருளை மட்டும் ஆற்றில் விட்டேன். வந்தவன் என்னைத் தாண்டிப் போய், கம்பியில் சாய்ந்து ஒரு சிகரட்டைப் பற்றவைத்தான். என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு உன்னை விட்டார்கள். கெமரா இல்லை. உதடு வீங்கியிருந்தது.

"ரோல் எங்கடா?"

"என்னையும் சோதிச்சாங்க மச்சான். எடுத்துட்டாங்க."

"உனக்கு அடிச்சாங்களா?"

"இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாய். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கியும் விட்டாய்.

அடுத்த வருஷம் உன் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. நாலு வயதுப் பிள்ளை. பிள்ளையை அடக்கம் செய்து மூன்றாம் நாள் நீ என் வீட்டு வாசலில் வந்து நின்றாய். "அந்த ரோல்ல முதல் படம் புள்ளைட, மச்சான். உம்மாக்குத் தெரியாம கிணத்தடியில வெச்சிப் புடிச்ச நான். வேற படமே இல்ல. நீ கந்தோர்ல எழுத்து வேல செய்யிறவன், ஒரு மனு எழுதித் தா."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். நான் பேனாவை எடுத்தேன்.

பிறகு வருஷத்துக்கொன்று. ஒவ்வொரு முறையும் வசனத்தை இன்னும் உருக்கமாக்கினேன். எழுதும் கையை வெட்டிப்போடலாம் போலிருக்கும், ஆனாலும் எழுதினேன். பதில் வராதபோதும் நீ ஒருவரையும் திட்டவில்லை. "ஆராவது ஒரு பொடியன் கழுவிப் பாத்திருப்பான். புள்ளைட முகத்தக் கண்டவன் எறிய மாட்டான், மச்சான்" என்பாய். நான் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் கடைசிக் கிழமை மூச்சு வாங்க வாங்கக் கேட்டாய்: "இன்னொண்டு எழுதுவமா?"

"எழுதுவம்" என்றேன். அதற்குள் நீ மௌத்தாகிவிட்டாய்.

அந்த டப்பா இன்னும் என் மேசை லாச்சியில் கிடக்கிறது. ஊர் மாறி, வீடு மாறியும் அதை எறிய முடியவில்லை. இன்று அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இந்தப் பத்தாவதை எழுதுகிறேன். சுருள் எந்தப் பொடியனிடமும் இல்லை, மச்சான். பாலத்தடியில், ஆற்றுச் சேற்றில் இருக்கிறது. அதை எடுத்தவர் எவருமில்லை. எறிந்தவன் நான். இந்த ஒரு மனுவில் மட்டும் கையொப்பமும் என்னுடையது.