பேர் போட்டே எழுதினேன்

அருப்புக்கோட்டை,
23.03.2025, ஞாயிறு.

அன்புள்ள மாப்பிள்ளை சதீஸ்குமாருக்கு,

உன் மச்சான் முத்துராஜ் எழுதுவது. இங்கே நானும் உன் அக்கா ஜெகதீஸ்வரியும் சுகம். ஊரில் உன் அப்பாவும் சுகம். உன் சுகத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

செல்போன் இருக்கும்போது என்ன கடுதாசி என்று நினைப்பாய். இந்த வாரம் ஆறு முறை அடித்தேன், நீ எடுக்கவில்லை. எடுத்தாலும் நீ படித்தவன், நாலு வார்த்தை பேசி என் வாயை அடைத்துவிடுவாய். தாளில் என்றால் குறுக்கே பேச முடியாது. இன்று எனக்கு டூட்டி இல்லை. உன் அக்கா சந்தைக்குப் போயிருக்கிறாள். அவள் வருவதற்குள் முடிக்க வேண்டும்.

ஊர்ச் செய்தி சொல்லிவிடுகிறேன். கொத்தமல்லி எடுத்தாகிவிட்டது. இந்த வருஷம் பனி போதாமல் மணி சிறுத்துவிட்டது. உன் அப்பாவுக்கு அந்தக் கவலையே இல்லை. திருச்சுழி பஸ்ஸில் ஏறினால் கண்டக்டரிடம் இறங்கும் ஊரைச் சொல்வதற்கு முன்னால் "எம்மகன் ப்ளேன் ஓட்டுறான்" என்பதைத்தான் சொல்கிறார். நீ குலசாமி கோயில் மாசிக் களரிக்கு வந்து சாமி ஆடிவிட்டுப் போனதிலிருந்து அவர் கால் தரையில் இல்லை. பூமிநாதன் மகன் மேல் சாமி இறங்கிவிட்டது என்று ஊரும் பேசுகிறது.

அந்தக் களரியைப் பற்றித்தான் பேச வேண்டும் மாப்பிள்ளை. உன் சின்னையா இறந்த பிறகு ஏழு வருஷமாக உங்கள் பங்காளிகளில் யார் மேலும் சாமி இறங்கவில்லை. அன்று பகல் பூசையில் உறுமி அடித்ததும் நீ நடுங்கினாய். பெண்கள் குலவை போட்டார்கள். பெற்ற மகன் மேலேயே இறங்கிவிட்டது என்று மாமா அழுதேவிட்டார். உங்கள் கோயில் வழக்கப்படி ஆடுகிறவன் பங்காளி, இடுப்பில் துண்டைக் கட்டிப் பின்னாலிருந்து பிடிக்கிறவன் வீட்டு மருமகன். உன் சின்னையாவை ஒன்பது வருஷம் பிடித்தவன் நான். சாமி வந்த உடம்பு கொதிக்கும். பிடிக்கிறவனை இழுத்துக்கொண்டு போகும். உன் உடம்பு சில்லிட்டிருந்தது. நீ என்னை இழுக்கவில்லை, என் மேல் சாய்ந்தாய். சாய்ந்துகொண்டு, "என்னால ஏலாது, என்னைய விட்டுருங்க, யாரும் ஏறாதீக" என்று சொன்னாய்.

கூட்டம் அதைக் குறி என்று எடுத்துக்கொண்டது. சாமி கோபமாக இருக்கிறது, படையலை ஏற்க மறுக்கிறது என்றார் பூசாரி. மாமா உன் காலில் விழுந்து, "அடுத்த களரிக்கு ரெண்டு கிடா தாரேன் அய்யா, கோவிச்சுக்கிராதீக" என்று கும்பிட்டார். உன் கையில் காப்புக் கட்டினார்கள். நாற்பத்தெட்டு நாள் விரதம், இங்கிலீஷ் மாத்திரை எதுவும் வாயில் படக்கூடாது என்று சொன்னார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. உன்னிடமே விபூதி வாங்கி நெற்றியில் பூசிக்கொண்டேன். சாமியை நான் குறை சொல்லவில்லை. அன்றைக்கு உன் மேல் வந்தது சாமி இல்லை. அது தெரிந்தும் நான் பேசாமல் நின்றது என் தப்பு.

மறுநாள் காலையில் கண்மாய்க் கரையில் நீயாகத்தான் சொன்னாய். நாலு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. பெங்களூரில் கம்பெனிக்குத் தெரியாமல் ஒரு டாக்டரைப் பார்த்து மூன்று மாதமாக மாத்திரை சாப்பிட்டாய். சீட்டில் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருப்பவர் பேசுவது தூரத்தில் கேட்கிற மாதிரி இருக்கிறது. அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாயே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. "ஒருநா எறக்கயில, இப்பிடியே விட்டுட்டா என்னன்னு ஒரு நெனப்பு வந்துச்சு மச்சான். நான் நெனைக்கல. அதுவா வந்துச்சு, போயிருச்சு." சொல்லிவிட்டு மாத்திரை அட்டையை எடுத்துக் கண்மாயில் எறிந்தாய். விரதம் என்றாய். உனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது, முகத்தைப் பார்த்தேன்.

பங்குனி முதல் தேதிக்குள் டாக்டரிடமும் கம்பெனியிடமும் நீயே சொல்லிவிடுவதாக என் கையில் அடித்துச் சத்தியம் செய்தாய். அதுவரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றாய். நான் விடவில்லை. உன் அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. முதல் தேதி போன் போட்டேன். சொல்லிவிட்டேன், எல்லாம் சரியென்றுவிட்டார்கள் என்றாய். எனக்கும் அதை நம்பத்தான் ஆசை. நம்பினேன்.

இரண்டு நாள் கழித்து உன் பெண்டாட்டி சத்யபிரியா போனில் பேசினாள். "அண்ணே, இவுக எங்கயும் போகல, யார்ட்டயும் சொல்லல. மாத்திரையும் போடல. யூனிபார்ம் மாட்டிக்கிட்டு வாசல்ல அர மணி நேரம் அப்பிடியே நிக்கிறாக. கூப்புட்டா காது கேக்கல. அப்பறம் டூட்டிக்குப் போயிர்றாக" என்று அழுதாள். அவளைத் திட்டாதே. பயந்துபோய் அண்ணனிடம் சொன்னாள், அவ்வளவுதான். நான் செய்தது எதுவும் அவளுக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. சொன்னால் உன் பிழைப்பில் நானே மண்ணை அள்ளிப் போட்டவன் ஆவேன். உன் அக்கா என்னை மன்னிக்க மாட்டாள். மாமா வாசல்படி மிதிக்க விடமாட்டார். சொல்லாவிட்டால்? அதை நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது. நான் ஓட்டுவது மதுரைக்குப் போகிற பஸ். காரியாபட்டி தாண்டினால் ப்ளேன்கள் தாழ இறங்கும். முன்சீட்டுக்காரர்கள் எப்போதும், "டிரைவரண்ணே, உங்க மச்சினரு வாராரு பாருங்க" என்று கேலி பேசுவார்கள், நானும் சிரிப்பேன். இப்போது ப்ளேன் சத்தம் கேட்டால் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்கிறேன். அது போய் இறங்கும் வரை மூச்சு வருவதில்லை.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் முதுகுவலி என்று நாலு மாதம் டிப்போவில் டயருக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேனே, அது முதுகுவலி இல்லை. எங்க அம்மா இறந்து பதினாறு முடிந்ததும் வண்டி எடுத்தேன். பாளையம்பட்டி ஸ்டாப்பில் சனம் நின்று கையைக் காட்டுகிறது, நான் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். கண்டக்டர் இருளாண்டி விசில் ஊதி ஊதிப் பார்த்துவிட்டு முன்னால் வந்து தோளைப் பிடித்து உலுக்கினான். அப்போதுதான் வண்டி ஓட்டுகிறேன் என்பதே எனக்கு நினைவு வந்தது. யாரிடமும் சொல்லாதே என்று அவனைக் கும்பிட்டேன். சரி என்றான். அன்று சாயங்காலமே போய் மேனேஜரிடம் சொல்லிவிட்டான். வண்டியைப் பிடுங்கி என்னை மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எட்டு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். இது அந்த மேனேஜரை விட்டால் உன் அக்காவுக்கும் இருளாண்டிக்கும் மட்டும்தான் தெரியும்.

இருளாண்டியோடு இரண்டு வருஷம் பேசவில்லை. டீக்கடையில் அவன் வந்தால் நான் எழுந்து போவேன். என்னைக் காட்டிக்கொடுத்தவன் என்று அவன் மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. நானே திரும்ப வண்டி எடுத்து, ஓட்டி, ஒரு நாள் நிறைமாதக்காரி ஒருத்தி முன்படியில் ஏறுவதைப் பார்த்தபோதுதான் அவன் செய்தது எனக்கு உறைத்தது.

போன புதன்கிழமை அவனிடமே போனேன். உன் பேரைச் சொல்லவில்லை. "அன்னைக்கு எப்பிடிலே போய்ச் சொன்ன?" என்று மட்டும் கேட்டேன். "சொல்லிட்டு வெளிய வந்து வாந்தி எடுத்தேன்லே" என்றான்.

வியாழக்கிழமை காலை டிரிப்பில் மாயக்காள் என்று ஒரு அம்மா முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார். சென்னையில் மகளுக்குப் பேறுகாலம், மருமகன் ப்ளேன் டிக்கெட் போட்டுக்கொடுத்திருக்கிறார். மடியில் முறுக்கு டப்பா. முதல் தடவை ப்ளேன் ஏறப் போகிறார், பயத்தில் வழியெல்லாம் முருகா முருகா என்று வந்தார். யாரோ, டிரைவர் மச்சினரே ப்ளேன் ஓட்டுகிறவர்தான் என்று சொல்லிவிட்டார்கள். அந்த அம்மா என்னைப் பார்த்து, "அப்ப நம்ம பிள்ளைகதேன் ஓட்டுதுகளா, இனி எனக்குப் பயமில்லய்யா" என்று சிரித்துக்கொண்டு ஏர்போர்ட் விலக்கில் இறங்கிப்போனார். அன்று நீ எந்த ஊருக்கு ஓட்டினாய் என்று எனக்குத் தெரியாது. அந்த அம்மா பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பார். ஆனாலும் மதுரை போய்ச் சேர்கிற வரை நானும் முருகா முருகா என்றுதான் ஓட்டினேன்.

மாப்பிள்ளை, வெள்ளிக்கிழமை காலையில் உன் கம்பெனிக்கு ஸ்பீட் போஸ்டில் கடிதம் போட்டுவிட்டேன்.

இந்தக் கடிதத்தை முதலில் எழுதியிருந்தால் அதைப் போட்டிருக்க மாட்டேன். அதனால்தான் அதை முதலில் போட்டேன். இங்கிலீஷில் எழுத யாரையாவது கேட்டால் ஊருக்கே தெரிந்துவிடும், அதனால் தமிழிலேயே எழுதினேன். எங்கள் டிப்போவுக்கு மாதம் நாலு மொட்டைக் கடுதாசி வரும். பிடிக்காதவன் மேல் பேர் போடாமல் எழுதுவார்கள், படித்துவிட்டுச் சிரிப்போம். நான் அப்படி எழுதவில்லை. என் பேர், வேலை, போன் நம்பர், நான் உனக்கு என்ன உறவு என்பது, எல்லாம் போட்டுத்தான் எழுதினேன். தூக்கம் இல்லாததையும் மாத்திரையை நிறுத்தியதையும் அந்த நினைப்பு வந்ததையும் எழுதினேன். சாமி ஆடியதை எழுதவில்லை, அது நம் வீட்டு விஷயம். கடைசியில், இவன் தங்கமான பிள்ளை, வைத்தியம் பார்த்துத் திரும்ப வேலை கொடுங்கள் என்றும் எழுதினேன்.

நேற்றுச் சாயங்காலமே ஒரு அம்மா அங்கிருந்து பேசினார். நல்ல தமிழ். உங்களுக்கும் அவருக்கும் ஏதாவது மனத்தாங்கல் உண்டா என்று கேட்டார். "இல்லம்மா, நான் அவுக வீட்டுல பொண்ணு எடுக்கயில அவன் எட்டாப்பு படிச்சான். லீவு விட்டா என் வண்டியில இஞ்சினுக்குப் பக்கத்துல உக்காந்து, இந்த முள்ளு எதுக்கு, அந்த லைட்டு எதுக்குன்னு கேட்டுக்கிட்டே வருவான்" என்று சொன்னேன். இனி டாக்டர்கள் பார்த்துச் சொல்கிற வரை உன்னை ஓட்ட விடமாட்டோம் என்றார். இதற்குள் உன்னையும் கூப்பிட்டிருப்பார்கள். சொன்னது யார் என்று நீ குழம்ப வேண்டாம். நான்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நீ தரையில் இருக்கிறாய் என்று தெரிந்ததும் நேற்று நான் தூங்கினேன். அதற்காக என்னை நீ காறித் துப்பினாலும் சரிதான்.

உன் அக்கா சந்தையிலிருந்து வந்ததும் அவளிடம் சொல்லப் போகிறேன். அழுவாள், ஏசுவாள், பையைத் தூக்கிக்கொண்டு திருச்சுழி பஸ் ஏறினாலும் ஏறுவாள். நாளைக்கு மாமாவிடமும் நானே போய்ச் சொல்கிறேன். கூட்டத்தில் நாலு பேர் முன்னால் கிடா நேர்ந்தவர், அவருக்குத்தான் தாங்காது. அவர் கோபம் என்னோடு போகட்டும், உன் பக்கம் வரவிடமாட்டேன்.

டாக்டரிடம் எதையும் மறைக்காதே. அந்த நினைப்பு திரும்ப வந்தால், அது எந்த நேரமானாலும், சத்யபிரியாவை எழுப்பிச் சொல். என்னிடம் சொல்ல முடிந்தால் என்னிடம் சொல். காப்புக்காக மாத்திரையை நிறுத்தாதே. உங்கள் கோயிலில் காப்பை அவிழ்க்கிற உரிமையும் பிடித்தவனுக்குத்தான். லீவு கிடைத்ததும் இரண்டு பேரும் மதுரைக்கு வந்துவிடுங்கள். அங்கிருந்து என் வண்டியில் ஏறு. இஞ்சின் பக்கத்து இடம் காலியாகத்தான் இருக்கும். வீட்டுக்குக் கூட்டிவந்து என் கையால் அவிழ்த்துவிடுகிறேன்.

வர மனசில்லை என்றால் வேண்டாம். இருளாண்டியோடு நான் இரண்டு வருஷம் பேசவில்லை. அவன் பொறுத்துக்கொண்டான், நானும் பொறுத்துக்கொள்வேன். நீ எத்தனை வருஷம் வேண்டுமானாலும் என்னோடு பேசாதே. நல்லா இரு மாப்பிள்ளை.

இப்படிக்கு,
உன் மச்சான்
முத்துராஜ்