தண்ணீருக்குள் பூட்டிய வீடுகள்

பிடிவாதக்காரத் தம்பிக்கு,

நீ பதில் போடமாட்டாய். கல்லுளிமங்கன். இருந்தாலும் எழுதுகிறேன்.

அணைக்காக நம் ஊரைக் காலி செய்தவர்களின் கதைகளைப் பதிவு செய்து வருகிறேன். கிளம்பும்போது கடைசியாக என்ன செய்தீர்கள் என்று கேட்டால், எல்லோரும் வீட்டைப் பூட்டினோம் என்கிறார்கள். மூழ்கப்போகிற வீட்டுக்குப் பூட்டு! கொல்லர் மாமா இன்னும் சாவியை இடுப்பில் செருகியிருக்கிறார்.

"தண்ணிதான் திருடன்னு நெனச்சீங்களா மாமா?"

"சும்மா விட்டுட்டு வர மனசு கேக்கலம்மா" என்று சிரித்தவர், அப்படியே அழுதுவிட்டார்.

அம்மாவை எடுத்த அன்று கொள்ளி வைக்க உன் இடத்தில் நின்றது அவர்தான். அதை விடு.

அம்மாவின் குரலையும் முன்பே பதிவு செய்திருந்தேன்.

"நான் பூட்டல. சின்னவன் கோவிச்சுக்கிட்டுப் போனான்ல? திரும்பி வந்தா எப்படி உள்ள போவான்?"

"ஊரே தண்ணிக்குள்ள போகுதேம்மா!" என்று சிரித்தேன்.

"அது அவனுக்குத் தெரியாதுல்ல."

என் சிரிப்பையும் வெட்டாமல் அப்படியே அனுப்பியிருக்கிறேன். தனியாக உட்கார்ந்து கேள்.

இந்த வீட்டிலும் அவள் கடைசிவரை தாழ்ப்பாள் போட விட்டதில்லை. நேற்றுதான் முதல்முறையாகப் போட்டேன். மனசு கேட்கவில்லை, எழுந்து போய் நீக்கிவிட்டேன்.

உன் அக்கா