தம்பியின் சத்தம் கேட்காத சனிக்கிழமைகள்

11 செப்டம்பர் 1934, செவ்வாய்

சேசு மரி சூசை துணை.

பாசாரில் மீன் விலை ஏறிவிட்டது, கீரையோடு திரும்பினேன். அர்ச். அந்தோனியாருக்கு இரண்டு மெழுகுதிரி. ஒன்று வழக்கமானது, ஒன்று தம்பி பால்ராஜுக்கு.

இரண்டாவது எதற்கென்று என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? பால்ராஜ் பேரை எடுத்தாலே இவர் முகம் இறுகிவிடுகிறது. மூன்று மாதமாக ஒரே வீட்டில் சாப்பிடுகிறார்கள், பேச்சில்லை. இவர் சூசையப்பர் வாலிபர் சங்கத்துக்குச் செயலாளர். இவர் தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு ஆறு வருஷம் சங்கத்துக்குப் பந்து ஆடியவன் பால்ராஜ். சென்டர் ஹாஃப் — நடுவில் நின்று எல்லோருக்கும் பந்தைப் பிரித்துக் கொடுக்கிறவன். ஒரு கப்பல் கம்பெனியார், தங்கள் டீமில் ஆடினால் ஆபீசில் கணக்கெழுதுகிற கிராணி வேலை தருகிறோம் என்று கூப்பிட்டார்கள். போய்விட்டான். வேலையும் நவம்பர் வரைக்கும்தான். ஆட்டம் பிடித்திருந்தால் நிரந்தரம். அவர்கள் ஆடுவது முதல் டிவிஷன். சங்கம் ஆடுவது மூன்றாவது.

"சொல்லாமக் கொள்ளாமப் போய்ட்டான்" என்பது இவர் வருத்தம். சொல்லியிருந்தால் மட்டும் விட்டிருப்பாரா?

சங்கத்துத் திடல் எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால். நான் ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை. ஆனால் அடுக்களையில் நின்றபடியே தெரியும் — "ஏறுடா தங்கராஜு! டேய், பின்னால ஆளு!" — பால்ராஜின் தொண்டையை வைத்தே ஜெயிக்கிறோமா தோற்கிறோமா என்று சொல்லிவிடுவேன். இப்போது அவன் ஆடுவது கடற்கரைத் திடலில். எனக்கு ஒன்றும் கேட்பதில்லை.

15 செப்டம்பர், சனி

இன்றும் தோல்வியாம். சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிட்டான்.

17 செப்டம்பர், திங்கள்

சாயங்காலம் கடையில் கூட்டம். இவர் தையல் மெஷினில்; நான் திரைக்குப் பின்னால் சட்டைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். பழைய சங்கத்து ஆட்கள் வந்தால் வேறு பேச்சே கிடையாது.

"இங்க ராசாவாட்டம் நின்னு வேல வாங்குனான். அங்க பந்து பொறுக்குறவனாட்டம் ஓடுறான்" என்றார் தொங்கான் படகில் மூட்டை தூக்கும் அய்யாக்கண்ணு.

"பூட்ஸுலா அண்ணே, பூட்ஸு!" இது நாசி கண்டார் சோற்றுக்கடை இப்ராஹிம். "வெறுங்கால்ல ஆடுன பையன். இப்ப கால்ல ரெண்டு பொட்டியக் கட்டிக்கிட்டு ஓடுறான்."

"பெரிய டிவிஷன்னா வேகமே வேற. பாலு அண்ணன்கிட்ட அவ்வளவுதான் சரக்கு" என்றான் தங்கராஜு. இவனுக்குப் பந்து உதைக்கக் கற்றுக்கொடுத்தவனே பால்ராஜ்தான்!

"சரக்கு இல்லாமயா கூப்பிட்டான்? வீட்டுல சாப்பாடு பத்தல. ரெண்டாம் பாதியில மூச்சு வாங்குது" என்றார் அய்யாக்கண்ணு மறுபடியும்.

"மெதுவாலா! அவன் அக்கா உள்ளதான் இருக்கு."

ஊசி விரலில் ஏறிவிட்டது. இவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "இப்படியே போனா நவம்பர்ல வேலையும் இல்ல, டீமும் இல்ல." சொல்லிவிட்டு மெஷினை மிதித்தார். கோபமா, கவலையா? ஒன்பது வருஷம் குடித்தனம் நடத்தியும் இந்த மனுஷன் குரலில் எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை.

சாப்பாடு பத்தவில்லையா? என் வீட்டிலா?

18 செப்டம்பர், செவ்வாய்

முட்டை, ஆட்டெலும்பு வாங்கினேன். வீட்டுச் செலவில் எழுதாமல் என் காஜாக் கூலியில் கழித்துக்கொண்டேன். பூட்ஸுக்குத் தேங்காயெண்ணெய் தேய்த்து வெயிலில் வைத்தேன், இளகட்டும் என்று.

22 செப்டம்பர், சனி

எலும்பு சூப்புக் குடித்தும் தோல்வி. ஓடும்போது இரண்டு தரம் வழுக்கி விழுந்தானாம். எண்ணெய் மேலேதானே தேய்த்தேன்? அடியில் பட்டிருக்குமோ? ஆண்டவரே.

27 செப்டம்பர், வியாழன்

எழுதவே கூச்சமாக இருக்கிறது. கண்ணு பட்டிருக்கும் என்று நேற்றுக் கடையில் அய்யாக்கண்ணு சொன்னது காதிலேயே நின்றுவிட்டது. பால்ராஜ் குளித்து முடித்து உட்கார்ந்திருந்தபோது, எறும்பு தட்டுகிற மாதிரி பாசாங்கு செய்து, முந்தானையில் மறைத்த மிளகாயையும் உப்பையும் அவன் தலையைச் சுற்றி எடுத்து அடுப்பில் போட்டேன். நெடி வராவிட்டால் கண்ணேறு என்பார்கள். வந்த நெடியில் வரிசை வீடே இருமியது. "என்னக்கா, வீட்டுக்கு நெருப்பு வச்சிட்டீங்களா?" என்று பக்கத்து வீட்டு ஹபீபா பீவி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

கண்ணேறும் இல்லை. பாவம் மட்டும் மிச்சம். சுவாமியாரிடம் எப்படிச் சொல்வேன்?

6 அக்டோபர், சனி

பாவசங்கீர்த்தனம் செய்தேன். சுவாமியார் கோபிக்கவில்லை. மூன்று தரம் ஐம்பத்துமூன்று மணிச் செபம் சொல்ல அபராதம், செபமாலை மாதம்தானே.

கோயில் வாசலில் ஹபீபா பீவி ரிக்‌ஷாவோடு காத்திருந்தாள். "இம்புட்டுத் தூரம் கவலப்படுறீங்க, கண்ணால பாத்துருங்களேன்க்கா. ரிக்‌ஷாவ விட்டு எறங்க வேணாம்." மறுக்க வேண்டும் என்று வாயெடுத்தேன், ஏறிவிட்டேன். கடற்கரைத் திடலோரம் மரத்தடியில் நிறுத்தச் சொல்லி, படுதா இடுக்கில் இரண்டு பேரும் பார்த்தோம்.

பந்து எங்கே போகிறதென்று எனக்குப் புரியவில்லை. தம்பியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாகத்தான் ஓடினான். காலி இடமாகப் பார்த்துப் போய் நின்றான். ஆனால் பக்கத்தில் இருந்தவர்கள் இவனைப் பார்க்கவே இல்லை. இவன் கையைப் பாதி தூக்குவான், இறக்கிவிடுவான். என்னமோ குறைகிறது, என்னவென்று பிடிபடவில்லை.

ஹபீபா பீவிதான் சொன்னாள்: "ஒங்க தம்பியா இது? எங்க வீட்டு அடுப்படி வரைக்கும் கேக்குமே அந்தத் தொண்ட?"

ஆமாம். வாயே திறக்கவில்லை. சின்னப் பிள்ளையில் தண்ணீர் கேட்டால்கூட நாலு வீட்டுக்குக் கேட்கும். பாட்டுக் குழுவே வேண்டாம் என்று அனுப்பிய தொண்டை. அங்கே ஊமை மாதிரி ஓடிக்கொண்டிருந்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

7 அக்டோபர், ஞாயிறு

பூசை முடிந்து வரும்போது கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றான். நான் விடவில்லை.

"யாரக் கூப்பிடச் சொல்றேக்கா? எனக்கு எடப்பக்கம் ஆடுறது ராமதாஸ், பெரிய கிராணி. வலப்பக்கம் ஒரு தொரை. 'சார், பந்த விடுங்க சார்'னு சொல்லி முடிக்குறதுக்குள்ள பந்து போயிருது."

"சார் போடாமச் சொல்லேன்டா."

"சனிக்கெழம கத்திட்டு, திங்கக்கெழம யாரு மேச முன்னால நிக்கிறது? என் வேலையப் பத்தி கம்பெனிக்கு எழுதப்போறவரே ராமதாஸ்தான்க்கா."

கத்தாவிட்டால் ஆட்டம் போகும், ஆட்டத்தோடு வேலையும். கத்தினால் வேலை நேரே போகும். முட்டையும் சூப்பும் கொடுத்து நான் எதைச் சரிசெய்யப் பார்த்தேன்?

9 அக்டோபர், செவ்வாய்

இவரிடம் சொல்லிவிட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன் — திடலுக்குப் போனதற்கு. கேட்டுக்கொண்டே நூலைக் கடித்துத் துப்பினார். சொல்லியிருக்கக் கூடாதோ? கடையில் எல்லார் முன்னாலும் தம்பியைக் கேலி செய்ய இன்னொன்று எடுத்துக் கொடுத்துவிட்டேனோ?

12 அக்டோபர், வெள்ளி

மீன் குழம்பு. கடையில் மறுபடியும் அதே கச்சேரி. திரைக்குப் பின்னால் நான் காஜாவை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

"ஆம்பளயா இருந்தா வாயத் தொறந்து பந்தக் கேக்கணும். பயந்தாங்கொள்ளி" என்றார் அய்யாக்கண்ணு. ஆக, அவரும் கவனித்திருக்கிறார்.

மெஷின் நின்றது. "அய்யாக்கண்ணு, ஒன்ன வேல வாங்குற தண்டல் பேரு என்ன?" என்றார் இவர்.

"எதுக்குண்ணே?"

"அவரப் பேரு சொல்லி, 'இந்தா, இந்த மூட்டையப் புடி'ன்னு ஒருதடவ கத்து. கத்திட்டு வந்து அவனப் பேசு."

பிறகு இப்ராஹிம், "நானெல்லாம் எங்க தவுக்கே மொதலாளிகிட்ட தும்முறதுக்கே உத்தரவு கேப்பேன்லா" என்றான். சிரித்தார்கள். அய்யாக்கண்ணு சிரிக்கவில்லை, கீழே கிடந்த துணித் துண்டை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார்.

இவர் பால்ராஜுக்காகப் பேசி என் காதால் கேட்டது அவன் சங்கத்தை விட்ட பிறகு இதுதான் முதல்.

13 அக்டோபர், சனி

மழை. ஆட்டம் இல்லை. கவலைக்கு மட்டும் விடுமுறை இல்லை.

18 அக்டோபர், வியாழன்

பால்ராஜை இந்தச் சனிக்கிழமையோடு நிறுத்திவிடுவார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

சாப்பிடும்போது இவர் தட்டிலிருந்த பொரித்த மீனில் பாதியைப் பிய்த்து அவன் தட்டில் வைத்தார். நான் குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்றேன்.

"கத்துடா" என்றார்.

"மச்சான்?"

"சங்கத்துல என்னயே கத்துனவன்தானே நீ. 'செயலாளரு ஓரமாப் போங்க'ன்னு. பெரிய கிராணிய மட்டும் என்ன?"

"வேல போயிருமே மச்சான்."

"போனா முன்கடையில இன்னொரு மெஷின் போடலாம். எடம் இருக்கு." பிறகு என்னைப் பார்த்து, "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறே, ரசம் ஊத்து" என்றார்.

மெஷினுக்குப் பணம் எங்கே? ரசம் ஊற்றினேன்.

20 அக்டோபர், சனி

இவரும் திடலுக்குப் போயிருக்கிறார். அய்யாக்கண்ணுவையும் இப்ராஹிமையும் கூட்டிக்கொண்டு. நான் போகவில்லை, நெஞ்சு தாங்காது. மாதாவே, கத்தினால் தப்பா, கத்தாவிட்டால் தப்பா? எனக்குத் தெரியாததை உங்களிடம் எப்படிக் கேட்பேன்? அருள்நிறை மந்திரம் பாதியில் எத்தனையாவது மணி என்று மறந்து மறந்து முதலிலிருந்து தொடங்குகிறேன்.

விளக்கு வைத்த பிறகு வந்தார்கள். தோல்விதான், ஒரு கோலில். ஆனால் மூன்று பேரும் தோற்றவர்கள் மாதிரி இல்லை. முதல் பாதி முழுக்க ஊமையாம். இரண்டாம் பாதி தொடங்கி இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, "ராமதாஸ்! வுடு இங்க!" என்று ஒரு சத்தம். திடலே திரும்பிப் பார்த்ததாம். பந்து வந்ததாம். அதற்குப் பிறகு தொரையையும் விடவில்லையாம். "கடல்ல இருந்த கப்பல்காரன்கூடத் திரும்பியிருப்பான்" என்கிறார் அய்யாக்கண்ணு.

பால்ராஜ் மூலையில் உட்கார்ந்திருந்தான். முகம் வெளிறிக் கிடந்தது. "திங்கக்கெழமக்கா" என்றான். காற்றுதான் வந்தது. தொண்டை சுத்தமாகக் கட்டிவிட்டது.

22 அக்டோபர், திங்கள்

காலையில் குரல் திரும்பவில்லை. இவர் அவன் சட்டையைத் தானே தேய்த்துக் கொடுத்தார். நான் நாள் முழுக்க வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்தேன். இவரும் தைக்கவில்லை, அளவு நாடாவைச் சுற்றுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

சாயங்காலம் வந்தான். பெரிய கிராணி காலையில் ஏதோ கேட்டாராம், இவனால் பதில் சொல்ல முடியவில்லையாம். ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டாராம். சாப்பாட்டு நேரம் கழித்து இவன் மேசையில் ஒரு காகிதப் பொட்டலம் வைத்து, "சனிக்கிழமைக்குள்ள தொண்ட சரியாகணும்" என்றாராம்.

இதையெல்லாம் சொல்லவும் குரல் இல்லை. கையைக் காட்டிக் காட்டித்தான் சொன்னான். இவர் ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லிச் சரிபார்த்தார்.

இன்றைய செலவு: அரிசி, வெங்காயம், நூல்கண்டு. மிளகும் பனங்கற்கண்டும் வாங்கவில்லை. பொட்டலத்தில் அதிமதுரம் இருக்கிறது.