பதினேழாவது கேள்வி

மார்ச் 4
மூன்று மணி நேர விவாதத்துக்குப் பின் எங்கள் சுகாதாரத் துறை இன்று ஒரு மகத்தான முடிவை எடுத்தது: ஆஸ்பெஸ்டாஸ் ஆலையைச் சுற்றியுள்ள வீடுகளில் நடத்தப்போகும் கணக்கெடுப்புக்கு ஒரு பக்கப் படிவமே போதும். இரண்டாம் பக்கத்துக்கு வழிந்தது பதினேழாவது கேள்வி மட்டும்: ‘ஆலைத் துணிகளை வீட்டில் துவைப்பவர் யார்?’ “ஒரு கேள்விக்காக ஒரு பக்கமாப்பா?” என்றார் இயக்குநர். கேள்வியை எழுதியவன் நான். அதை அடித்து நீக்கியவனும் நான்தான்.

மார்ச் 11
ஆலை வீதி. அக்கா வீடும் அங்கேதான். அத்தானுக்கு ஆலையில் இருபத்தாறு வருட வேலை; படிவப்படி அவருக்கு எக்ஸ்ரே உண்டு. அக்கா ‘வீட்டில் இருப்பவர்’. அவளுக்கு இல்லை.

நான் எழுதிக்கொண்டிருக்கும்போதே அத்தானின் சட்டையை வாசலில் நின்று நாலு உதறு உதறினாள். பொடி வெயிலில் மினுங்கியது. இருமினாள்.

“எத்தனை நாளா இந்த இருமல், அக்கா?”

“டேய், அதுக்கு உன் ஃபாரத்துல இடம் இருக்கா? முதல்ல அதைப் பாரு.”

இல்லை.

மார்ச் 13
பட்டியலில் இல்லாதவரை எக்ஸ்ரே வண்டியில் ஏற்றக்கூடாதாம். விதி எங்கள் பிரிவுடையது. அக்காவுக்குத் தனியார் பரிசோதனைக் கூடத்தில் எடுத்தோம்.

மார்ச் 20
அத்தானின் நுரையீரல் சுத்தம். அக்காவுக்கு நீர் கோத்திருக்கிறது. நுரையீரலின் உறையில் கட்டி. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி, “ஆலையில நீங்க எந்தப் பிரிவும்மா?” என்று கேட்டார்.

“துவைக்கிற பிரிவு டாக்டர். லீவே கிடையாது.”

அவளே சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

மார்ச் 21
என்னையே கேட்கிறேன்: உனக்குத் தெரியாதா? தெரியும்டா. துணியில பொடி வரும்னு தெரிஞ்சுதானே அந்தக் கேள்வியையே எழுதினே. அப்புறம் ஏன் பேசாம தலையாட்டினே — ஒரு பக்கத்துக்கா?

ஏப்ரல் 2
இயக்குநரிடம் கேள்வியைத் திரும்பச் சேர்க்கச் சொன்னேன். நாலாயிரம் பிரதி அச்சாகிவிட்டதாம். என் அக்காவுக்கே இந்த நோய் என்று சொன்னேன். நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். ஐந்தே நிமிடத்தில் கேள்வி சேர்ந்தது.

மே 17
“நான்தானே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்” என்று அத்தான் சுவரைப் பார்த்து அழுதார்.

“கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து எனக்குன்னு நீங்க கொண்டுவந்தது இது ஒண்ணுதான். விடுங்க” என்றாள் அக்கா.

ஜூலை 8
ஆலை வீதியில் துணி துவைத்த பெண்கள் இன்னும் ஒன்பது பேருக்கு இதே படம்.

ஆகஸ்ட் 30
அக்காவால் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தபடியே தூங்குகிறாள்.

நவம்பர் 9
எங்கள் துறையின் ஆணைப்படி ஆலையில் உடைமாற்றும் அறையும் சலவை இயந்திரமும் இன்று திறக்கப்பட்டன. அத்தான் சாயங்காலம் வீட்டுச் சட்டையில் திரும்பினார். அக்கா போனதிலிருந்து வாசலில் தொங்கும் பூட்டைத் திறந்து உள்ளே போனார்.