பதினைந்து மணி நேரம்

அன்புள்ள அம்மாவுக்கு வினோத் எழுதுவது. நான் சுகம். அப்பாவின் மூச்சிரைப்பு குறைந்ததா? நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

போனை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், அப்பாவுக்கும் கேட்கும். அதனால் எழுதுகிறேன். போன வாரம் அவர், "ஏலே, நியூசிலாந்துல இருந்து வர எம்புட்டு நேரமாகும்?" என்றார். "பதினஞ்சு மணி நேரம்ப்பா" என்றேன். "அப்ப எனக்கு ஐஸ் பெட்டி வேண்டாம்லே" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

அது விமானம் பறக்கும் நேரம் மட்டும். சிங்கப்பூரில் காத்துக் கிடந்து, மதுரையில் இறங்கி, வத்திராயிருப்பு வழியாக மகாராஜபுரம் வந்து சேர இரண்டு நாளாகும். வேலை முடிந்த அலுப்போடு எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் குறையவில்லை.

மதுரையிலிருந்து வத்திராயிருப்புக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று தங்கச்சியை விசாரித்து வைக்கச் சொல்.

ஷிப்டு வேன் வந்துவிட்டது. அப்பா மறுபடி கேட்டால் பதினைந்து என்றே சொல். ஆனால் அந்த நாள் வந்தால் ஐஸ் பெட்டியை வாடகைக்கு எடுத்துவிடு அம்மா. நான் வந்து முகம் பார்க்க வேண்டும்.

வினோத்